பாட்டி ஓட்டிய கார்!

"இது ஒரு பாட்டி ஓட்டிய கார்!"

அமெரிக்காவில் பழைய கார் விற்பவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்து போன வசனம் இது.

"பாசடீனாவில் ஒரு பாட்டியம்மா இருந்தார். கணவர் இறந்து விட்டார். கார் கொட்டகையிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போவார். திரும்பி வருவார். அவ்வளவுதான்! மைல் கணக்கை நீங்களே பாருங்கள்!"

வாங்க வந்தவர் எட்டிப் பார்ப்பார். மீட்டரில் 20 ஆயிரம் மைல் என்று இருக்கும். மனம் இளகும். பணப்பை திறக்கும்.

அந்தப் பாட்டியின் பெயர் என்ன? எந்தத் தெருவில் குடியிருந்தார்? யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. அந்தப் பாட்டிகளில் பலர் தரகரின் வாயில் பிறந்து, கார் விற்றதும் அங்கேயே மறைந்து போனவர்கள்!

நம் ஊர் வரி விளம்பரங்களிலும் இந்த வித்தை உண்டு. இங்கே பாட்டிக்குப் பதில் டாக்டர். "டாக்டர் உபயோகித்தது. ஒரே ஓனர்" என்று போடுவார்கள். டாக்டர் வைத்திருந்தால் காருக்குக் காய்ச்சலே வராது என்று எண்ணம் போலும்!

நிற்க. உண்மையான பாட்டிகளும் இருந்தார்கள். அவர்களுடைய கார்களும் இருந்தன. சில இன்றும் ஓடுகின்றன. அவர்கள் பெயரைச் சொல்லி ஊரை ஏமாற்றினார்கள். பிறகு அவர்களையே கேலியும் செய்தார்கள். இந்த வழக்கில் நான் பாட்டிகள் கட்சி. ஏன் என்று சொல்லுகிறேன்.

கேலி பிறந்த ஊர்

பாசடீனா, கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குப் பக்கத்து ஊர். வெயில் இதமாக அடிக்கும். பனி கொட்டாது. ஆகவே கிழக்குப் பக்கத்துப் பணக்காரர்கள் குளிர் காலத்தைக் கழிக்க அங்கே வந்தார்கள். பலர் வீடு கட்டிக்கொண்டு தங்கி விட்டார்கள்.

அந்தக் காலத்தில் குடும்பத்துக் காரை ஓட்டுகிறவர் பெரும்பாலும் கணவர்தான். பெண்களுக்கோ ஆயுள் சற்றுக் கூடுதல். கணவர் போய் விடுவார். கொட்டகையில் கார் நிற்கும். மனைவி எப்போதாவது எடுப்பார். மளிகைக் கடை, சர்ச்சு, தோழி வீடு. இவ்வளவுதான் பயணம்.

ஆகவே தரகர் சொன்ன கதை முழுப் பொய் அல்ல. நடக்கக் கூடிய கதை. அதனால்தான் அது விலை போயிற்று.

1964-ம் ஆண்டில் டாட்ஜ் கார் கம்பெனி இந்தக் கதையைத் தலைகீழாகப் புரட்டியது. டெலிவிஷனில் ஒரு விளம்பரம். கேத்ரின் மின்னர் என்ற நடிகை அதில் தோன்றினார். எழுபது வயதைத் தாண்டியவர். தலை வெள்ளை வெளேரென்று இருக்கும். பார்த்தால் பூனைக்குட்டி மாதிரி சாது. அவர்தான் பந்தயக் கார் போல டாட்ஜைப் பறக்க விடுவார்! அமெரிக்கா வயிறு குலுங்கச் சிரித்தது.

அதே ஆண்டில் ஜான், டீன் என்ற இரண்டு வாலிபர்கள் இதை வைத்து ஒரு பாட்டு வெளியிட்டார்கள். பாசடீனாப் பாட்டியைப் பற்றிய பாட்டு. யார் போட்டிக்கு வந்தாலும் பாட்டி தோற்கடித்து விடுவார் என்பது அதன் கருத்து. அமெரிக்காவின் பாட்டு வரிசையில் அது மூன்றாம் இடம் வரை ஏறியது.

பாட்டியும் வேகமும் சேரவே சேராது. அதனால் சேர்த்துப் பார்த்தால் சிரிப்பு வரும். கேலி அவ்வளவுதான்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

1966-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி. அந்த ஜானின் கார், தெரு ஓரம் நின்ற லாரியில் மோதியது. அப்போது அவருக்கு வயது 25. மூளையில் பலத்த அடி. பிழைத்தார். ஆனால் நடக்கவும் பேசவும் மறுபடி முதலில் இருந்து கற்றுக்கொள்ள வேண்டி வந்தது. அவர் மீண்டும் மேடை ஏறிப் பாடியதை அவருடைய மனோதிடம் என்றே சொல்ல வேண்டும். 2004-ம் ஆண்டில் காலமானார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேகத்தின் பாட்டு பாட்டியின் தலையில் கட்டப்பட்டது. வேகத்தின் விலையைக் கொடுத்தவர் இளைஞர். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஓடாத கார் நல்ல காரா?

இனி காருக்கு வருவோம். "பாட்டி கொஞ்சமாகத்தான் ஓட்டினார். ஆகவே கார் புதிதாக இருக்கும்." இது சரியா?

உங்கள் வீட்டு இரும்புத் தோசைக் கல்லை நினைத்துப் பாருங்கள். தினம் தோசை வார்க்கும் கல் பளபளவென்று இருக்கும். ஆறு மாதம் சுவரில் மாட்டி வையுங்கள். துரு பிடித்து விடும். காரும் இரும்புதான்.

ஓர் அதிசயக் கணக்கு சொல்லுகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் என்ஜினில் எரிந்தால், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! நம்ப முடியவில்லையா? பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன், காற்றில் உள்ள ஆக்சிஜனுடன் சேருகிறது. இரண்டும் சேர்ந்தால் தண்ணீர். அது ஆவியாகி, புகையோடு புகையாகப் பின்பக்கக் குழாய் வழியே போய் விடும்.

எப்போது போகும்? என்ஜின் நன்றாகச் சூடானால் போகும்.

சர்ச்சு பக்கத்துத் தெருவில் இருந்தால் என்ன ஆகும்? என்ஜின் சூடாவதற்குள் பயணமே முடிந்து விடும். ஆவி, குளிர்ந்த சைலன்சருக்குள் தண்ணீராகத் தேங்கும். சைலன்சர் உள்ளிருந்தே துரு ஏறிப் பொத்தலாகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கொஞ்சம் ஆவி என்ஜினுக்குள்ளும் இறங்கும். எண்ணெயோடு கலக்கும். நாளாக ஆக எண்ணெய் கூழாகிப் போகும். அதில் அமிலமும் சேரும். அமிலம் இரும்பை அரிக்கும்.

பழைய கார்களைக் குளிரில் கிளப்பச் 'சோக்' இழுப்பார்கள் அல்லவா? அப்போது பெட்ரோல் அதிகமாகப் பாயும். எரியாத பெட்ரோல், என்ஜின் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவி விடும். எண்ணெய் இல்லாத இடத்தில் இரும்பும் இரும்பும் உரசும். நீண்ட தூரம் போகும் காருக்கு இந்தச் சோதனை ஒரு நாளைக்கு ஒரு தடவை. கடைக்கும் வீட்டுக்குமாக நின்று நின்று போகும் காருக்கு ஒவ்வொரு மைலிலும் இதே சோதனை!

பேட்டரியும் அப்படித்தான். காரைக் கிளப்ப ஒரே வீச்சில் மின்சாரம் செலவாகும். அதைத் திருப்பி நிரப்பக் கார் கொஞ்ச தூரமாவது ஓட வேண்டும். பக்கத்துத் தெருவுக்குப் போய் வந்தால் நிரம்பாது.

டயரைப் பாருங்கள். கோடுகள் ஆழமாக, புத்தம் புதிதாக இருக்கும். ஆனால் ரப்பருக்கும் வயது உண்டு. இருபது வருஷத்து டயர், ஓடாவிட்டாலும் கட்டிப் போய் வெடிக்கும். பிரேக்குக்குள் உள்ள திரவம் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். வருஷக் கணக்கில் மாற்றாமல் விட்டால் உள்ளே துரு பிடிக்கும். பிறகு பிரேக்கை மிதித்தால் பிடிக்காது. பிடித்தால் விடாது!

இதற்கெல்லாம் பாட்டி என்ன செய்வார்? அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. தமக்குத் தேவையான அளவு ஓட்டினார். "ஓடாத கார் புதுக் கார்" என்று சொன்னவர் பாட்டி இல்லை. தரகர்!

வட்டம் அடித்த மீட்டர்

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு.

பழைய அமெரிக்கக் கார்களில் மைல் மீட்டருக்கு முழு மைலைக் காட்ட ஐந்தே இலக்கம். 99,999 வரை போகும். அடுத்த மைலில் எல்லாம் பூஜ்யம்! ஆகவே ஒரு லட்சத்து 20 ஆயிரம் மைல் ஓடிய கிழட்டுக் கார், 20 ஆயிரம் மைல் என்று காட்டும். கை வைக்காமலே பொய்!

கை வைத்துப் பின்னுக்குத் திருப்பியவர்களும் இருந்தார்கள். 20 ஆயிரம் மைல்தான் என்று சொன்னால் காரணம் கேட்பார்கள் அல்லவா? காரணம் தயாராக இருந்தது. பாட்டி!

இந்த மோசடியைத் தடுக்க அமெரிக்க அரசாங்கம் 1972-ம் ஆண்டில் சட்டம் கொண்டு வந்தது. மீட்டரைத் திருப்புவது நாடு முழுவதும் குற்றம் ஆயிற்று. விற்கிறவர் மைல் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றும் விதி வந்தது.

ஆனால் மிகப் பழைய வண்டிகளுக்கு அந்தக் கையெழுத்தில் இருந்து விலக்கு உண்டு. இன்றைய விதிப்படி 2010-ம் ஆண்டு மாடல் வரை உள்ள கார்களுக்கு அது தேவை இல்லை. பழங்கால அழகுக் கார்கள் எல்லாம் இந்த விலக்குக்குள் வந்து விடுகின்றன. திருப்பினால் குற்றம்தான். எழுதித் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே அங்கே பாட்டி கதைக்கு இன்றும் வேலை இருக்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் மீட்டரைப் பார்ப்பதே இல்லை. பிரேக் பெடலின் ரப்பரைப் பார்ப்பார்கள். 20 ஆயிரம் மைல் ஓடிய காரில் அது தேய்ந்திருக்காது. டிரைவர் சீட்டின் ஓரத்தைப் பார்ப்பார்கள். இறங்கி இறங்கி அந்த இடம்தான் முதலில் கிழியும். கதவைத் திறந்து, கீல் தளர்ந்து கதவு தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். எண்ணெய் மாற்றிய தேதியையும் மைலையும் எழுதி, கதவு ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டுவது அங்கே பட்டறைகளின் வழக்கம். அந்தச் சீட்டைத் தேடுவார்கள்.

பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கிறது. மீட்டரில் 20 ஆயிரம். பாட்டி உட்கார்ந்த இடத்திலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு இருந்தாரா?

எலுமிச்சம்பழக் கணக்கு

நம் ஊரில் புதுக் கார் வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அமெரிக்காவில் மோசமான காருக்கே எலுமிச்சம்பழம் என்று பெயர்!

1970-ம் ஆண்டில் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் இந்த எலுமிச்சம்பழத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பி விட்டன. அதே கட்டுரை பின்னால் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. ஆண்டு 2001. அவருடன் வேறு இரண்டு அறிஞர்களும் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்கள். (கட்டுரை திரும்பி வந்தால் மனம் உடைந்து போகும் எழுத்தாளர்கள் கவனிக்க!)

அவர் சொன்னது எளிய விஷயம்தான். காரின் நல்லது கெட்டது விற்கிறவனுக்குத் தெரியும். வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவன் பயந்து, நடுத்தரமான விலைதான் கேட்பான். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது. "விற்கவில்லை, போ" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வார். மோசமான கார் வைத்திருப்பவன் சந்தோஷமாக விற்பான். கடைசியில் சந்தையில் எலுமிச்சம்பழம்தான் மிஞ்சும்.

பாட்டி கதை எங்கே வருகிறது என்று இப்போது புரிகிறதா? "என் கார் நல்ல கார்" என்று தரகர் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பிக்கைக்கு ஓர் ஆள் வேண்டும். பொய் சொல்லத் தெரியாத ஆள். குடிக்காத ஆள். வேகமாக ஓட்டாத ஆள். வயதான அம்மாளை விட நல்ல சாட்சி யார்? ஆனால் அந்தச் சாட்சி கோர்ட்டுக்கு வருவதே இல்லை!

இரண்டு நாக்கு

நான் பாட்டிகள் கட்சி என்று சொன்னேன். அதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

கணவரை இழந்த ஓர் அம்மாள் காரை விற்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலு கதவு. பழைய மாடல். சாதாரண என்ஜின். தரகர் சுற்றிச் சுற்றி வருவார். உதட்டைப் பிதுக்குவார். "அம்மா, இது கிழவர்கள் ஓட்டுகிற வண்டி. இதை இப்போது யார் கேட்கிறார்கள்? உங்கள் முகத்துக்காக எடுத்துக்கொள்கிறேன்" என்பார். அடிமாட்டு விலைக்கு வாங்குவார்.

மறு வாரம் அதே கார் கடை வாசலில் மெருகு போட்டு நிற்கும். அதே தரகர். இப்போது என்ன சொல்லுவார்? "பாட்டி ஓட்டிய கார், சார்! தங்கம்!"

பாட்டியிடம் வாங்கும்போது பாட்டியின் கார் என்பது குறை. பாட்டி போன பிறகு விற்கும்போது அதுவே நிறை. அந்த அம்மாள் உண்மையிலேயே காரைத் துடைத்து, மூடி, ரசீதுகளைக் கட்டி வைத்திருந்தால், அந்த உழைப்பின் லாபம் யாருக்கு? நடுவில் நின்றவருக்கு!

எல்லாத் தரகர்களும் இப்படி என்று சொல்லவில்லை. நேர்மையானவர்கள் உண்டு. ஆனால் கார் விற்கப் போகும் வயதான அம்மாளுக்கு நான் சொல்லுவது ஒன்றே. "பாட்டி ஓட்டிய கார்" என்ற வசனத்தை நீங்களே சொல்லுங்கள். சொல்லி, அதற்கு உரிய விலையையும் நீங்களே கேளுங்கள்!

பிழைத்து வந்த கார்கள்

இன்னொரு வேடிக்கை. 1964-ல் பாட்டியை வைத்துக் கேலி செய்த டாட்ஜ் கம்பெனி, அதே காலத்தில் 'டார்ட்' என்ற காரையும் விற்றது. அதன் உறவுக்காரக் கம்பெனியான பிளிமத், 'வேலியன்ட்' என்ற காரை விற்றது. இரண்டிலும் ஆறு சிலிண்டர் என்ஜின் ஒன்று வைத்தார்கள். நேராக நிற்காமல் 30 டிகிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கும். வேகத்துக்குப் பெயர் போனது இல்லை. ஆனால் உழைப்புக்குப் பெயர் போனது. மாடு மாதிரி உழைக்கும்.

இதுதான் அசல் பாட்டிக் கார்!

வாலிபர்கள் இதைச் சீண்டவில்லை. அவர்களுக்கு எட்டு சிலிண்டர் என்ஜினும் இரண்டு கதவும் வேண்டும். அந்த வேகக் கார்களில் ஏராளமானவை பந்தயம் விட்டு, மோதி, நொறுங்கி, பழைய இரும்புக் கடைக்குப் போய் விட்டன. எஞ்சியவற்றிலும் பல, வர்ணம் மாற்றி, என்ஜின் மாற்றி, சீட்டு மாற்றி அசல் முகமே தெரியாமல் போயின.

சாதாரண நாலு கதவுக் கார்களை யார் காப்பாற்றினார்கள்? கண்காட்சிச் சாலைகள் காப்பாற்றவில்லை. பணக்காரச் சேகரிப்பாளர்கள் அன்று திரும்பியும் பார்க்கவில்லை. கொட்டகையில் நிறுத்தி, சீட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தார்களே, அந்த வயதானவர்கள்தான் காப்பாற்றினார்கள்.

இன்று நிலைமை மாறி விட்டது. அமெரிக்காவின் பெரிய பழங்காலக் கார் போட்டிகளில், திருத்தாமல் மெருகு போடாமல் அசலாகவே இருக்கும் கார்களுக்குத் தனிப் பிரிவு வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள். தொழிற்சாலையில் அடித்த வர்ணம், தொழிற்சாலையில் தைத்த சீட்டு. அதைப் பார்த்துத்தான் 1960-களில் கார் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள முடியும். மறுபடி செய்த காரில் செய்தவருடைய கைவண்ணம்தான் தெரியும்.

கார்ச் சரித்திரத்தில் பாட்டிகளுக்கு ஒரு பங்கு உண்டு என்று நான் சொல்லுவது இதனால்தான். அவர்கள் அதற்காகச் செய்யவில்லை என்பது வேறு விஷயம். நம் வீடுகளில் பித்தளை அண்டாவைப் பரணில் வைத்துக் காப்பாற்றிய பாட்டிகள் மட்டும் சரித்திரத்துக்காகவா செய்தார்கள்?

போர்டு மனைவியின் கார்

பெயர் தெரிந்த அம்மாள்கள் சிலரையும் பார்ப்போம்.

ஹென்றி போர்டு என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி 'மாடல் டி' கார்களைச் செய்து உலகத்தையே ஓட வைத்தவர். அவருடைய மனைவி கிளாராவிடம் இருந்த கார் எது தெரியுமா? டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற வேறு கம்பெனிக் கார்! 1914-ம் ஆண்டு மாடல். பேட்டரியில் ஓடுவது.

அந்தக் காலப் பெட்ரோல் காரைக் கிளப்ப முன்பக்கம் ஒரு கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டும். அது உதைத்தால் கை முறியும். புகை வரும். சத்தம் வரும். எலெக்ட்ரிக் காரில் இந்தத் தொல்லை இல்லை. ஏறி உட்கார்ந்தால் நகரும். உள்ளே பார்த்தால் வீட்டுக் கூடம் மாதிரி இருக்கும். ஆகவே பணக்கார வீட்டுப் பெண்கள் அதை விரும்பினார்கள். "பொம்பளைக் கார்" என்று ஆண்கள் கேலி செய்தார்கள்.

1912-ல் காடிலாக் காரில், பொத்தானை அமுக்கினால் கிளம்பும் ஸ்டார்ட்டர் வந்தது. பிறகு மற்றக் கார்களிலும் வந்தது. எலெக்ட்ரிக் கார் மெல்ல மெல்ல மறைந்தது.

கிளாராவின் கார், மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் நகரத்தில் உள்ள போர்டு கண்காட்சிச் சாலையில் இருக்கிறது. இன்று உலகமே எலெக்ட்ரிக் கார், எலெக்ட்ரிக் கார் என்று பேசுகிறது. கேலி செய்தவர்களின் பேரன்கள் அதற்குப் பணம் கட்டி வரிசையில் நிற்கிறார்கள்!

ராணியின் கை

இங்கிலாந்திலும் "ஒரே ஓர் அம்மாள், ஜாக்கிரதையாக ஓட்டியது" என்று விளம்பரம் செய்வது பழைய வழக்கம். அதே நாட்டின் ராணியாக இருந்த இரண்டாம் எலிசபெத்தைப் பாருங்கள். 1945-ம் ஆண்டில், உலக யுத்தம் முடிகிற நேரத்தில், பெண்கள் படையில் சேர்ந்தார். வயது 18. லாரி ஓட்டவும், சக்கரம் மாற்றவும், என்ஜினைப் பழுது பார்க்கவும் பயிற்சி பெற்றார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும் தம் பண்ணைகளில் லேண்ட் ரோவரைத் தாமே ஓட்டினார். 2022-ல் மறையும் போது வயது 96. காரைப் பற்றி ஒன்றும் தெரியாத பாட்டி என்று அவரைச் சொல்ல முடியுமா?

ஐந்தரை லட்சம் மைல்!

புளோரிடா மாநிலத்தில் ஓர் அம்மாள் இருந்தார். 1964-ல் மெர்க்குரி காமெட் என்ற காரைப் புதிதாக வாங்கினார். கேலிப் பாட்டு வெளிவந்த அதே ஆண்டு!  48 ஆண்டு ஓட்டினார். மொத்தம் ஐந்தரை லட்சம் மைலுக்கு மேல்! பூமியை இருபது தடவைக்கு மேல் சுற்றி வந்த தூரம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் போனால் இந்தக் கணக்கு வருமா?

கார் எப்படித் தாங்கிற்று? எப்போது எண்ணெய் மாற்றினார், எப்போது எந்தச் சாமான் வாங்கினார் என்று குறித்து வைத்தார். ரசீதைத் தூக்கி எறியவில்லை. "ஆயுள் முழுக்க உத்தரவாதம்" என்று சொல்லிக் கம்பெனிகள் சைலன்சரும் பேட்டரியும் விற்றன அல்லவா? யாருடைய ஆயுள் என்று கம்பெனிகள் யோசிக்கவில்லை. அம்மாள் ரசீதை எடுத்துக்கொண்டு போவார். பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கி வருவார். திரும்பவும் போவார். திரும்பவும் வாங்குவார்!

2012-ல் கண் பார்வை மங்கி விட்டது. வயது 93. இனி ஓட்டினால் பிறருக்கு ஆபத்து என்று தாமே முடிவு செய்தார். தாமே சாவியை வைத்து விட்டார்.

கார் வாங்கப் போகிறவர் தேட வேண்டியது இந்த அம்மாளின் ரசீதுக் கட்டைத்தான். வயதை அல்ல. ரசீதுக் கட்டு இருந்தால், வைத்திருந்தவர் வாலிபராக இருந்தால்தான் என்ன?

பேக்கார்டு அம்மாள்

மிச்சிகன் மாநிலத்தில் பிளிமத் என்ற ஊர். அங்கே மார்கரெட் டன்னிங் என்ற அம்மையார் வாழ்ந்தார். 1910-ல் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வியாபாரம் செய்தார். ஊருக்கு நூல் நிலையம், கண்காட்சிச் சாலை என்று அள்ளிக் கொடுத்தார்.

பண்ணையில் வளர்ந்த பெண். எட்டு வயதிலேயே ஸ்டீயரிங்கைப் பிடித்தவர். தாயாருக்குக் கார் ஓட்ட முடியாத நிலை. ஆகவே 12 வயதிலேயே மகளுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அப்படி நடந்தது!

1949-ல் ஒரு பேக்கார்டு காரை வாங்கினார். 1930-ம் ஆண்டு மாடல். திறந்த மேல்பக்கம். நீண்ட மூக்கு. வாங்கும்போதே அது 19 வயதுக் கிழட்டுக் கார். அதைச் சரி செய்து, கார் போட்டிகளுக்கு ஓட்டிக்கொண்டு போனார். நூறு வயதைத் தாண்டிய பிறகும் எண்ணெய் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் பார்ப்பது எல்லாம் அவர் கைதான்.

2015-ம் ஆண்டு மே மாதம் காலமானார். 105 வயது நிறைய ஒரு மாதம்தான் பாக்கி. அதுவரை, 66 ஆண்டுகள், அந்தப் பேக்கார்டு அவரிடமே இருந்தது. தரகர் யாரும் அதை விற்க முடியவில்லை!